அடியில் வைத்த வாட்டம்

கல்லைப் பெயர்க்க உங்கள் ஆட்கள் கடப்பாரை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது தேவையில்லை, ஐயா. வேலிப் பக்கம் இருக்கும் ஓரக்கல்லை முதலில் எடுத்தால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கையோடு வந்துவிடும். நான் அப்படித்தான் பதித்திருந்தேன். முப்பது கல்லுக்கு மேல் உடைந்துவிட்டதாமே. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டுத் தேர்ந்தெடுத்த கல்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். என் தங்கச்சி வீட்டுப் பின்சுவர் விழுந்ததற்கும், அதை ஒட்டித் தோட்டத்தில் நான் போட்ட கல்தளத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆனால் தளத்தில் குறை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்று மழைக்காலம் பார்த்த தளம் அது. சுவர் விழுந்த அன்றுகூட ஒரு கல் ஆடவில்லை. இருபத்தேழு வருஷம் தளம் போட்டவன் நான். என் வேலையைப் பற்றி ஏற்கெனவே ஒரு முறை பொய்யாக எழுதிவிட்டார்கள். இன்னொரு முறை எழுதினால் தாங்க மாட்டேன்.

களிமண்ணைத் திட்டாதவர்கள் இல்லை. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. தண்ணீர் குடித்தால் உப்பும், வெயில் பட்டால் சுருங்கும், வெடிக்கும். ஆனால் அது எதையும் மறைக்காது. ஒரு குழி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கும். நான் உறிஞ்ச மாட்டேன், வேறு வழி பார் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். மனிதர்களிடம் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

அதனால் களிமண்ணில் தளம் போடுகிறவன் இரண்டு விஷயத்தில் ஏமாற்றக் கூடாது. ஒன்று, ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லியைக் கொட்டும்போது மூன்று அடுக்காகக் கொட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே இடித்தால் மேல்பகுதி மட்டும் இறுகும், அடி பொலபொலவென்று கிடக்கும். இரண்டாவது, வாட்டம். தண்ணீர் ஓடும் சரிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேலே கல்லுக்கு மட்டும் வாட்டம் வைத்தால் போதாது. கல் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் அடியில் இருக்கும் களிமண் மேல்தான் ஓடும். ஆகையால் வெட்டிய களிமண்ணுக்கும் வீட்டை விட்டு விலகிப் போகும்படி வாட்டம் வைக்க வேண்டும். இதை யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டவனுக்கும் மண்ணுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

முதல் விஷயத்தில்தான் மாப்பிள்ளை என்னை ஏமாற்றினார்.

தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து அவர் என்னோடு வேலைக்கு வந்தார். பேச்சு சாமர்த்தியம், வேலையில் சோம்பல். திமிசு போடச் சொன்னால் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிற ரகம். வீட்டு மனிதர்தானே என்று நான் பின்னாலேயே போய்ச் சரிசெய்வேன். ஒரு மருத்துவமனையின் முன்முற்றத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். ஜல்லி கொட்டி இடிக்க வேண்டிய அன்றைக்கு என் மனைவிக்கு ஆபரேஷன். நான் அவளோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் வந்து, "மூணு அடுக்காத்தானே இடிச்சீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "சந்தேகமே வேணாம் மச்சான்" என்றார். நம்பிக் கல்லைப் பதித்தேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மழைக்குப் பிறகு நடுவில் இரண்டு கல் இறங்கியது. ஒரு சக்கர நாற்காலி அதில் மாட்டிக் கவிழ்ந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மாப்பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மச்சான் சொன்னதைத்தான் சார் செஞ்சேன். ஒரே அடுக்கா இடிச்சா போதும்னார். வீட்டுல ஆபரேஷன் இல்லையா, பாவம், அவருக்கு அவசரம்." பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் ‘பாவம்’ என்ற சொல் இன்னும் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்கள். அவர் குழியும் பறித்து, அதில் என்னை இறக்கிவிட்டு, எனக்காக வருத்தமும் பட்டார்.

என் தங்கச்சி அந்தத் திமிசு போட்ட நாளில் அங்கே இருந்தாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு வந்து போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர் இறந்த செய்தி வந்ததும் என்னிடம் ஓடி வந்து அழுதாள். "ஒரே தடவைல கொட்டித்தான் இடிச்சார் அண்ணா. நான் கண்ணால பார்த்தேன்" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். ஆறு வயதில் அம்மா இல்லாமல் போனவள். சடை பின்னிவிட்டது முதல் சம்பந்தம் பேசியது வரை எல்லாம் நான்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அவளைக் கேட்டபோது புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

அவள் என்ன செய்வாள், புருஷனைக் காட்டிக்கொடுக்க முடியுமா. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்போதே அதை மனைவியிடமும் சொன்னேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தளம் போடும் வேலை செய்வதற்கான என் உரிம அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் ஒரு கல் கிடங்கில் கல் இறக்கப் போனேன். நேற்றுவரை மேஸ்திரி என்று கூப்பிட்டவர்கள், ஓர் உயிரைக் குடித்த ஆள் என்று காதுபடப் பேசினார்கள். மாப்பிள்ளையை நாங்கள் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள்.

நான்கு வருஷம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். ஊர்க்கோடியில் பழைய வீடு ஒன்று வாங்கியிருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தார். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மச்சான். தோட்டத்துல ஒரு தளம் போடணும். ரெண்டு பேர் வந்து பார்த்துட்டு, களிமண்ணு, நிக்காதுன்னு போயிட்டாங்க. இந்த மண்ணுல நிக்கிற மாதிரி போட உங்களை விட்டா யாரு இருக்கா?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் தெளிவானது. ஊருக்கு முன்னால் என்னை வேலை தெரியாதவன் என்று சொன்னவருக்கு, தன் வீடு என்று வரும்போது நான்தான் வேண்டும். அப்படியானால் என் வேலை அவருக்குத் தெரியும். அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். மனைவி கொடுத்த காப்பி ஆறிப்போனது. "போட்டுடலாம் மாப்பிள்ளை" என்றேன்.

எட்டு நாள் வேலை. தனியாகத்தான் செய்தேன். முதல் நாள் சுவரோரம் ஒரு சோதனைக் குழி வெட்டி அஸ்திவாரத்தைப் பார்த்தேன். இரண்டடிதான். அந்தக் காலத்துச் செங்கல், அடியில் அதே களிமண். பின்னறையில் சுவரோடு ஒட்டி மாப்பிள்ளையின் கட்டில் கிடந்தது, தலைமாடு சுவர்ப் பக்கம். ஜன்னல் வழியாக அதையும் பார்த்துக்கொண்டேன்.

களிமண்ணை ஓர் அடி வெட்டினேன். அதற்கு வாட்டம் வைத்தேன், வீட்டைப் பார்த்து. வேலிப் பக்கம் மேடு, சுவர்ப் பக்கம் நான்கு விரல் கூடுதல் பள்ளம். மட்டப்பலகையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். மேலே மண்ணையும் ஜல்லியையும் பிரிக்கும் துணியை விரித்தேன். ஜல்லியை மூன்று அடுக்காகத்தான் கொட்டினேன், மூன்று முறையும் திமிசு போட்டேன். அதில் நான் ஒருபோதும் குறை வைத்ததில்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயின் வாயைக் கல்லுக்கு அடியில் ஜல்லிக்குள் விட்டேன். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று நான் சொன்னதைத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் மேலே கல்லுக்கு முறையான வாட்டம், தோட்டத்தைப் பார்த்து.

எட்டாம் நாள் மாப்பிள்ளை ரசமட்டத்தை எடுத்து வந்தார். மேற்பார்வையாளர் அல்லவா. கல் மேல் வைத்துப் பார்த்தார், குமிழி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தார். அது அடக்க ஒடுக்கமாகத் தோட்டத்துக்கு ஓடியது. "அடியில என்ன பண்ணீங்கன்னு நான் கேட்கவே மாட்டேன் மச்சான். உங்க வேலையில போய்ச் சந்தேகப்படுவேனா?" என்று சிரித்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று சில சமயம் நினைப்பதுண்டு. அவர் என்றைக்கும் அடியைப் பார்த்ததில்லை.

பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. மழை பெய்யும்போது அந்தத் தளத்துக்கு அடியில், சுவரோரம், தண்ணீர் தொட்டி மாதிரி நிறையும். வெயில் வந்ததும் காயும். களிமண் உப்பிச் சுவரைத் தூக்கும், சுருங்கிக் கைவிடும். ஒரு வருஷத்தில் சுவர் அசையாது. இரண்டு வருஷத்தில் கொஞ்சம் யோசிக்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். எனக்கு அவசரம் இல்லை.

மூன்றாம் மழைக்காலம் தொடங்கியபோது தங்கச்சி கூப்பிட்டாள். பின்னறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, சுவரிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது என்றாள். போனேன். ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை படிப்படியாக இறங்கிய விரிசல். என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. சுவர் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விலகி, மறுபடி உள்பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்த உடனே கணக்குத் தெரிந்துவிட்டது. நல்ல மழை நான்கு நாள் விடாமல் பெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிலில் புடவைகளை மடித்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் சட்டை ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. கேட்டேன்.

"அவர் முன்னறைக்குப் போயிட்டார் அண்ணா. இங்க ஈரமா இருக்காம், முட்டி வலிக்குதாம். எனக்கு இந்த ரூம்தான் பிடிச்சிருக்கு. நீ போட்ட தளத்தைப் பார்த்துட்டே படுத்திருக்கலாம்ல?"

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. அப்போது அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஐயா. ஏழு வருஷமாகக் கேட்காத கேள்வி. "அன்னைக்குத் திமிசு போட்டப்ப நீ பார்த்தியே, அதை ஏம்மா சொல்லலை?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "அந்தப் பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு அண்ணா? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை."

நான் எழுந்து பூச்சுக் கரண்டியை எடுத்தேன். விரிசலைச் சுத்தம் செய்து, பட்டி மாவு குழைத்து, ஆழமாக அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மீந்திருந்த பழைய வண்ணத்தைத் தேடி எடுத்து அதையே பூசினேன். விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. கதவின் விளிம்பையும் இழைத்துக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லைம்மா, பூச்சு வெடிப்புதான்" என்றேன். அவள் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி. வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மழை மூன்று நாள் பெய்தது. நான்காம் நாள் காலையில் போன் பண்ணினாள். "நீ பூசின இடத்துல மறுபடியும் கோடு தெரியுதுண்ணா. கொஞ்சம் வந்து பார்க்கிறியா? நான் வேணா முன்னாடி ரூம்ல போய்ப் படுத்துக்கவா?"

"மழை விடட்டும், வர்றேன். நீ எதுக்கும்மா அலையுற? அங்கேயே படு" என்றேன்.

"நீ சொன்னா சரிண்ணா" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். சுவர் உள்பக்கமாக விழுந்தது. மாப்பிள்ளை அப்போது ஆபீசில் இருந்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. செய்தி கேட்டு நான் போனபோது அந்தத் தளத்தின் மேல்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அத்தனை பேர் ஏறி நின்றும் தளம் அசையவில்லை.

இதில் எனக்கு உதவியவர் யாரும் இல்லை. வாட்டத்தைத் திருப்பி வைத்தது நான், விரிசலை மறைத்தது நான், அங்கேயே படு என்று சொன்னதும் நான். எழுதி முடித்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. என் கோபமெல்லாம் மாப்பிள்ளை மேல்தான். தங்கச்சி மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.