பதினேழு நாள் நட்சத்திரம்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா? கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் சாக்பீஸ் தூசி தின்ற தொண்டை, காற்று பட்டால் கட்டிக்கொள்கிறது.

எழில்மதியைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். களமருதூர்ப் பெண். அப்பா பிச்சைமுத்து நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். அவள் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். நட்சத்திரங்கள் விடும் எக்ஸ்ரே காற்றைத் தாண்டித் தரைக்கு வராது; செயற்கைக்கோளில் உள்ள கருவிதான் பிடித்து அனுப்பும். அப்படி வந்த ஆறு வருஷப் பதிவை அவள் தனியாக உட்கார்ந்து சலித்தாள். நான் வழிகாட்டி, கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் ஒரு வரைபடத்தோடு வந்தாள். யாரும் சீண்டாத மங்கலான நட்சத்திரம் ஒன்று, பதினேழு நாளுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் எகிறி அடங்குகிறது. பார்த்தவுடனே உண்மை என்று தெரிந்துவிட்டது. கருவிக் கோளாறாக இருக்கும், மறுபடி பார் என்றேன். பணிவான பெண், ஒரு வருஷம் மறுபடி பார்த்தாள். அதற்குள் அதைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழில் என் பெயரில் வெளியிட்டேன். அறிவியலைக் காக்க வைப்பது பாவம். கல்வராயன் மலையில் ஒரு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அவள் அந்த இதழோடு என் அறைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"இது நான் கண்டுபுடிச்சதுங்க சார்."

இந்தப் பேச்சு வெளியே போனால் கல்லூரிக்குத்தானே கெட்ட பெயர்? நடவுக்காக அவள் ஊருக்குப் போயிருந்த வாரம், அவளுடைய கோப்பில் நாற்பது எண்களை மாற்றினேன். பாஸ்வேர்டு நான் கொடுத்ததுதான். பிறகு மிகுந்த மனவேதனையுடன், மாணவி எண்களைத் திருத்திவிட்டாள் என்று நானே புகார் எழுதினேன். அவளை நீக்கினார்கள். மாற்றம் என் அறைக் கம்ப்யூட்டரில் நடந்ததை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், நல்ல உழைப்பு. அன்றைய விசாரணைக் குழுவில் ஐந்து முனைவர்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிச்சைமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சுங்க சார்?"

தப்பில்லை, வியாதி என்றேன். இல்லாததைப் பார்க்கிறாள், அடுத்தவர் செய்ததைத் தன்னுடையது என்கிறாள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். மூன்று பக்கம் கடிதமும் கொடுத்தேன். பேராசிரியர் எழுதினால் டாக்டரும் நம்புவார். நட்சத்திரம் என்னுது என்று அவள் சொல்லச் சொல்ல, மாத்திரை கூடியது.

போன மாதம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நாக்குக் குழறுகிறது. கை நடுங்குவதால் அம்மாதான் சோறு ஊட்டுகிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அத நான் பாக்கவே இல்ல... தானுங்க சார்?"

"இல்லம்மா" என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினாள்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை.