மூன்றாம் அத்தியாயத்தில் வந்ததே

சத்தம் போட்டுப் படித்தால் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும். படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். வந்ததும் வராததுமாக உங்களிடம் தண்ணீர் கேட்டது அந்தப் பழக்கத்தில்தான், வேறு எதற்கும் இல்லை. கை நடுங்குகிறதா என்று பார்க்கிறீர்கள். நடுங்கவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். எண் கேட்டால் இணைப்புக் கொடுக்கிற வேலை. சாவுச் செய்தியானாலும் கல்யாணச் செய்தியானாலும் ஒரே குரலில் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லப் பழக்கிவிட்டார்கள். அந்தக் குரல் அப்படியே நின்றுவிட்டது. "நீ கோவமா இருக்கியா சந்தோஷமா இருக்கியான்னு அப்பா மாதிரி ஆள்தாம்மா கண்டுபிடிக்கணும்" என்பாள் என் மகள். அவர் கண்டுபிடித்துவிடுவார். அதுதான் கஷ்டம்.

என் வீட்டுக்காரர் எடைக்கல் சோதிக்கிற அதிகாரி. கடை கடையாக ஏறித் தராசையும் கல்லையும் பார்த்து முத்திரை போடுகிற உத்தியோகம். கடைக்காரன் கும்பிடு போடுகிற வேகத்தை வைத்தே கல் குறையும் என்று சொல்லிவிடுவாராம். தெருவில் அவருக்குத் 'துப்பறியும் சார்' என்று பெயர். அப்படி யாராவது கூப்பிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். வேலைவிட்டு வந்து முகம் கழுவினால் அடுத்த நிமிஷம் கையில் துப்பறியும் நாவல். கல்யாணமான புதிதில் அவருடைய அலமாரியைப் பார்த்துவிட்டு, நான் கொடுத்து வைத்தவள் என்றுகூட நினைத்தேன். ஏனென்றால் எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு.

எனக்குப் பல் டாக்டரம்மா வருகிற கதைகள் உயிர். நோயாளியின் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் அவள் கேள்வியே கேட்பாள். பதில் சொல்ல முடியாமல் அவன் முழிக்கிற முழியில் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அவருக்குக் கோழித்தூக்க இன்ஸ்பெக்டர். சாட்சி பேசப் பேசத் தலை தொங்கி, குறட்டைகூட விடுவார். சாட்சி அசந்த நேரம் பார்த்து ஒரே ஒரு கேள்வி வரும். இந்த இரண்டு பேருக்கும் குடும்பம் கிடையாது. ஏன் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. துப்பறிகிறவரோடு யாராலும் குடித்தனம் நடத்த முடியாது. எழுதுகிறவர்கள் விவரமானவர்கள்.

அந்த மாதிரிக் கதைகளில் எனக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். எனக்குக் கண்டுபிடிக்க வேண்டாம். ஏமாற வேண்டும். கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒருவனை நம்பிவிட்டு, அவன்தான் என்று தெரியும்போது நெஞ்சு திக்கென்று ஆகும் பாருங்கள், அதற்காகத்தான் படிப்பேன். அவர் அதை விட்டுவைத்ததே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போகிற போக்கில், "பாதியிலயா இருக்க? அந்த மச்சான்காரன்தான், வேற யாரு" என்பார். சரியாகவும் இருக்கும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இதே கதை. குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்தேன். "வாளி நகர்ந்திருக்கு, ஈரக் கையோட பக்கத்தைத் திருப்பியிருக்க. ஈரம் பாதி வரைக்கும்தான் இருக்கு. அப்போ இன்னும் மாமியார் மேல சந்தேகப்பட்டுட்டு இருப்ப. அவ இல்ல, கணக்குப்பிள்ளை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். அக்காவைப் பார்த்துவிட்டு வந்தால் முதலில் என் செருப்பைப் பார்ப்பார். "நேரா வரலையே. ஆத்தங்கரை மண்ணு. யாரோட நின்னு பேசிட்டு இருந்த?" யாரோடும் இல்லை. சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சும்மா யாராவது நிப்பாங்களா, ஒரு காரணம் இருக்கும்" என்று காரணத்தையும் அவரே சொல்வார். நான் அழுதால் எதற்கு அழுகிறேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். கை நீட்டி ஒரு நாளும் அடித்ததில்லை, நடத்தையைச் சந்தேகப்பட்டதும் இல்லை. ஆனால் மனசுக்குள் எனக்கென்று ஒரு மூலை மிச்சம் இருக்க வேண்டாமா? இருக்கவில்லை. சமையலறையில் நின்று நான் யோசிக்கும்போதுகூட முன்னறையில் இருக்கிற மனிதருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து பயந்து யோசித்திருக்கிறேன்.

பிறகு அவருக்குக் கண் போய்விட்டது. நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. நான்தான் கேட்டேன், "நான் படிச்சுக் காட்டட்டுமாங்க?" அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் கலங்கியிருப்பீர்கள்.

அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் நான் தனியாகப் புத்தகத்தைப் படித்து முடித்துவிடுவேன். சாயங்காலம் அதையே அவருக்குப் படித்துக் காட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக ஒரு கதையைக் கடைசி வரை ஏமாந்து படித்தேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? இன்னொருத்திக்குப் புருஷன் வெளிநாட்டிலிருந்து வந்தால் இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு.

ஒரு சாயங்காலம் கோழித்தூக்க இன்ஸ்பெக்டர் கதை. பாதியில் நிறுத்தச் சொல்லி, தலையணையில் சாய்ந்துகொண்டு, "டாக்டர்தான். நீ வேணா பாரு. உனக்கெல்லாம் கடைசியிலதான் புரியும்" என்றார். டாக்டர்தான் அது. எனக்கு அன்றைக்குக் கால்வலி, துவைத்த துணி வேறு குவிந்து கிடந்தது. கடைசி அத்தியாயத்தில் டாக்டர் என்று வந்த இடத்தில் எல்லாம் தோட்டக்காரன் என்று படித்தேன். திட்டம் ஒன்றும் இல்லை. வாயில் வந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "தோட்டக்காரனா? அவன் அந்த நேரத்துல ஊர்லயே இல்லையே. கொன்னவன் கையில காயம் பட்டிருக்கணுமே, இவனுக்கு எங்க?"

"அதுக்குத்தானேங்க கையுறை. மூணாவது அத்தியாயத்துல வந்துச்சே. அவன் கையுறைய வேலியில காயப்போட்டான்னு படிச்சேனே."

"நீ படிக்கல."

"படிச்சேனே, நீங்க ம்ம்னுகூட சொன்னீங்க."

நல்ல துப்பறியும் கதைக்கு ஒரு நியாயம் உண்டு. துப்பு எப்போதோ கண் முன்னால் வந்துவிட்டிருக்கும், படிக்கிறவர்தான் கோட்டை விட்டிருப்பார். அந்த நியாயத்தை அவரை விட நம்பியவர் யாரும் இல்லை. அதனால் என்னை அவர் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அன்றைக்கு நான் அசந்து தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையையும் மத்தியானமே தயார் செய்துகொள்வேன். அவர் சரியான ஆளைத்தான் சொல்வார் என்று தெரியும், அந்த ஆள் தவிர இன்னொருவர். டாக்டரைச் சொன்னால் சமையல்காரி, சமையல்காரியைச் சொன்னால் அண்ணன். ஓட்டை இல்லாமல் செய்ய வேண்டும், அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு குடை, ஐந்தாவதில் ஒரு திறந்த கதவு. "வந்துச்சுங்க, படிச்சேனே." எனக்கு அது நன்றாகவே வந்தது. புத்தகத்தில் இருந்ததை விட என்னுடையது பொருத்தமாக அமைந்த நாள்கூட உண்டு. நான் மாற்றியது பெயர்களை மட்டும்தான். ஏமாறுவதில் எவ்வளவு சுகம் என்று அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு விதத்தில் பரிசுதானே அது.

அவருக்கு அது சுகமாக இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. பேச்சில் இருந்த அதட்டல் குறைந்தது. எல்லாவற்றையும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் கேட்க ஆரம்பித்தார். "மழை பெய்யுதா?" காதில் கேட்கிற மழை. நான் "இல்லையேங்க" என்றேன். "டீ குடிச்சுட்டேனா?" குடித்திருக்க மாட்டார், "இப்பதானே குடிச்சீங்க" என்பேன். மகள் நேற்றுப் பேசியதைப் போன வாரம் என்பேன். ஒரு பெரிய காரணத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கதையில் செய்ததை வீட்டிலும் செய்தேன், கைக்குப் பழகிவிட்டது.

டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீங்கள் அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரேதான் சொன்னார். "எனக்குப் புத்தி தடுமாறுது டாக்டர். கேட்டது மறந்துபோகுது, கேக்காதது கேட்ட மாதிரி இருக்கு. இவ இல்லன்னா நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். படபடப்பு அடங்க, தூக்கம் வர என்று மாத்திரை எழுதினார். "ஒண்ணுக்கு மேல கூடாதும்மா. உங்க கையாலேயே கொடுங்க" என்றார்.

என் மகள் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்லித்தானே உங்களுக்கு இது தெரியும். அப்பா அவளிடம் போனில் புலம்பியிருக்கிறார். "டாக்டர்னு நினைச்சேன்மா, தோட்டக்காரனாம். அப்பாவுக்கு மூளை மழுங்கிடுச்சும்மா." காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மனசு கேட்காமல் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார். எல்லாத்துலயும்."

"ஆமா" என்றேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். அவளுக்கு அப்பாவின் கண். என்னைப் பார்த்த மாத்திரத்தில் மீதியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த மத்தியானத்தைச் சொல்கிறேன். அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பல் டாக்டரம்மா கதை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அந்தக் காலத்தில் அவர் மத்தியானம் தூங்குவதே இல்லை. கண் அசந்தால் நான் அவரை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயம். பக்கத்து அறையிலிருந்து "இருக்கியா?" என்பார். "இருக்கேங்க." இரண்டு பக்கம் படிப்பதற்குள் மறுபடி "இருக்கியா?" முன்பெல்லாம் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இழுத்துப் பறித்து எப்படியோ கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் புத்தகத்தைத்தான் அவருக்குப் பாதி வரைக்கும் படித்துக் காட்டியிருந்தேன். நிறுத்திவிட்டு, "யாருங்க, சொல்லுங்க" என்றபோது, "நான் சொல்லி என்ன ஆகப்போகுது. நீயே சொல்லு, நீ சொன்னா சரியா இருக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறுமையாக இருந்தது, அவர் மேல் எரிச்சல்தான் வந்தது.

அந்த மத்தியானம் புத்தகத்தை விரல் வைத்து மூடிக்கொண்டு போய், தூங்கட்டும் என்று ஒரு மாத்திரை கொடுத்தேன். ஒன்றுதான், டாக்டர் சொன்னபடி. திரும்பி வந்து உட்கார்ந்ததும், "நான் மாத்திரை போட்டுட்டேனா?" என்று குரல் வந்தது.

"இல்லீங்க" என்றேன்.

"குடு."

போய்க் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். உள்ளங்கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டேன், மறுபடி அதே கேள்வி. நானும் அதே பதில். எத்தனை முறை என்று எண்ணவில்லை. காலி அட்டை உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 'போட்டாச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிறகு குரல் வரவில்லை. அந்த அத்தியாயத்தை நிம்மதியாக முடித்தேன். நான் துளிகூட நினைக்காத ஆள். "அட" என்று வாய்விட்டே சொன்னேன். எனக்கு அழுகைகூட வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக நான் தம்ளரோடு போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாக்குக் குழறியது. "உன்ன ரொம்பப் படுத்துறேன் இல்ல?" என்றார். "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லி, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அவரிடம் நான் சொன்ன பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.