நாலரை என்றால் நாலரைதான்

நான் எந்த இடத்துக்கும் கால் மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருகிற ஆள். அதை ஒரு பெரிய குணம் என்று சொல்ல வரவில்லை. சிலருக்குச் சுருள் முடி, சிலருக்கு உரத்த குரல், எனக்கு இது. ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாராவது அப்பொயின்ட்மென்ட் கேட்டால், மூன்று மணி என்பதை இரண்டரை என்றுதான் சொல்லுவேன். அவர்கள் சரியாக மூன்றுக்கு வருவார்கள். இந்த ஊரில் கலியாண அட்டை அடிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இதைப் பொய் என்று ஒருவரும் சொல்வதில்லை.

புனிதவதிக்கு அரை மணித்தியாலம் காணாது. அவளுக்கு ஒரு முழு மணித்தியாலம் முந்திச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு, இங்கே டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடம். பிறகு அவளும் புருஷன் தியாகலிங்கமும் அஜக்ஸில் வீடு வாங்கிப் போனார்கள். நான் அதே கட்டடத்தில் இருக்கிறேன். தியாகலிங்கமும் மகள் லக்சிகாவும் நானும், அவளுக்கு எந்த நேரத்தைச் சொன்னாலும் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் சொல்லுவோம். அது அவளுக்கும் தெரியும். "மங்கையின்ரை நாலு மணி எண்டால் உலகத்துக்கு அஞ்சு" என்று எனக்கு முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். அப்படியும் பிந்துவாள். "401-இல சரியான ட்ராஃபிக்" என்று பெருந்தெருவைச் சாட்டிக்கொண்டே உள்ளே வருவாள்.

அவள் பிந்தியது எனக்குப் பிரச்சினை இல்லை. எல்லோரும் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றதுதான் பிரச்சினை.

பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் வைத்திருப்பார்கள். குழுப்படத்துக்கு நிற்கிறவர்கள் கால் கடுக்க நிற்பார்கள். அவள் வந்ததும் ஒருவருக்கும் கோபம் இராது. முகமெல்லாம் மலர்ந்து, "வந்திட்டா, வந்திட்டா" என்பார்கள். என் புருஷனின் செத்தவீட்டில் பெட்டியை மூடுகிற நேரம், "புனிதம் வந்துகொண்டிருக்கிறாவாம், கொஞ்சம் பொறுப்பம்" என்று யாரோ சொன்னார்கள். பெட்டியைத் திறந்தபடி வைத்திருந்தார்கள். அவள் வந்து விழுந்து அழுதாள். சனமெல்லாம் போய் அவளைத் தேற்றியது. நான் என் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்வதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

ஒரேயொரு முறை நானும் பிந்தினேன். லக்சிகா பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீடு. நோயாய்க் கிடந்த என்னுடைய அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடிப்போனேன். போய்ச் சேர்ந்தபோது ஆராத்தி முடிந்து, சாப்பாடும் முடிந்து, கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வரவில்லை என்பதே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புனிதம் ஒரு தட்டில் வடையும் கேசரியும் போட்டுக் கொண்டுவந்து தந்து, "எங்கையடி நிண்டனீ? உன்னைக் காணேல்லை எண்டு நான் நினைக்கவேயில்லை" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

போன வருடம் தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு லக்சிகா ஒரு கப்பல் பயணம் ஒழுங்கு செய்தாள். பார்சலோனா, மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ. எல்லாம் பழைய துறைமுகப் பட்டினங்கள். தியாகலிங்கத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் அவருடைய இடம் எனக்கு வந்தது. லக்சிகா என்னைக் கூப்பிட்டது இப்படித்தான்: "அன்ரி, ப்ளீஸ், நீங்க போங்கோ. You're the only one who can get her back on the ship on time." என்னை ஒரு மணிக்கூடாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஓம் என்றேன். கடலும் பார்க்க விருப்பம்தான்.

இன்னொரு பொறுப்பும் இருந்தது. புனிதத்துக்கு இரண்டு வருடத்துக்கு முதல் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஒரு சின்ன ஸ்பிரே கொடுத்திருந்தார்கள். எப்போதும் கூடவே இருக்க வேண்டும். அவள் கைப்பைகளைத் தொலைக்கிற ஆள். விமான நிலையத்திலேயே அதை என்னிடம் தந்து, "உன்ரை கைப்பைக்குள்ள போடடி, உன்னட்டை எண்டால் எனக்குப் பயமில்லை" என்றாள். போட்டேன்.

கப்பலிலும் அதே கதைதான். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஹலிஃபாக்ஸிலிருந்து வந்த ஒரு வயதான சோடி இருந்தது. புனிதம் சேலையைச் சரிசெய்து வந்து சேரும்வரை அவர்கள் கரண்டியைத் தொடமாட்டார்கள். பரிமாறுகிற பெடியனும் சூப்பை வெளியே கொண்டுவரமாட்டான். நான் அங்கே இருந்தேன். எனக்கும் பசித்தது. மார்சேயிலும் ஜெனோவாவிலும் வழக்கம்போல ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லி அவளை ஏற்றினேன். ஏறியதும் மேல்தட்டில் நின்று, "பாத்தியா, இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, கள்ளி" என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள்.

நேப்பிள்ஸில் சுற்றிக் காட்டுகிற பஸ் அவளுக்காக நின்றது. ஐம்பது பேர் வெயிலுக்குள் இருந்தோம். என் பக்கத்துச் சீட் அவளுக்காக வெறுமையாக இருந்தது. அவள் இரண்டு பை நிறைய எலுமிச்சை இனிப்போடு வந்து ஏறி, ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த வெள்ளைக்காரச் சனம் கைதட்டியது. என்னிடம் வந்தபோது பை முடிந்திருந்தது. "உனக்குச் சீனி கூடாதுதானே" என்றாள்.

அன்றைக்குக் கப்பலில் அறிவித்தல் சொன்னார்கள். தினமும் சொல்வதுதான். குறித்த நேரத்துக்கு வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று ஆறியது. உலகத்தில் அவளுக்காகக் காத்திருக்காத பொருள் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய சந்தைக்குள் போய்ப் பத்தடி நடக்கவில்லை, கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து தமிழ் கேட்டது. கிறிஸ்துநாயகம் என்று பெயர். முப்பது வருடமாக அங்கே மரக்கறி விற்கிறார். புனிதம் ஊர் எது என்று கேட்டாள். அவருடைய மாமி வீடு புனிதத்தின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்ததாம். அவ்வளவு போதும் அவளுக்கு. கடையை ஒரு பெடியனிடம் விட்டுவிட்டு, சந்தைக்கு மேலேயே இருக்கிற தன் வீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மனுசி மீன்குழம்பு வைத்திருந்தா. புனிதம் சோற்றைப் பிசைந்தபடி அழுதாள், சிரித்தாள், அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றி இருந்தன.

எனக்கு உண்மையாகவே தலை இடித்தது. நான் முந்திக் கப்பலுக்குப் போகிறேன் என்றேன்.

"கப்பல் எத்தினை மணிக்கடி?" என்று கேட்டாள்.

"நாலரைக்கு ஏறியிருக்கோணும்" என்றேன்.

நாலரைதான். கப்பலில் தந்த தாளிலும் நாலரை என்றுதான் இருந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சரியான நேரத்தைச் சொன்னேன். அவள் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "அப்ப அஞ்சரைக்குப் போய்ச் சேர்ந்தாலும் காணும்" என்று சொல்லாமல் சொல்கிற சிமிட்டல் அது. எனக்கு விளங்கியது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கைப்பை என் தோளில் இருந்தது.

நேரமானதும் ஒரு இளம் அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். மிகவும் மரியாதையான பெடியன். உங்கள் தோழி இன்னும் ஏறவில்லை, வந்துகொண்டிருக்கிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாதுதான். பிந்துகிறவர்களின் கடவுச்சீட்டையும் மருந்துகளையும் கரையில் உள்ள முகவரிடம் விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாம். அறையில் இருப்பதைத் தரச் சொன்னார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். கொலஸ்ட்ரோல் குளிசைகளைக் கொடுத்தேன். கண்ணுக்கு விடுகிற மருந்தையும் மறக்காமல் கொடுத்தேன். அறையில் இருந்தது இவ்வளவுதான் என்றேன். கைப்பை என் மடியில் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மேல்தட்டுக்குப் போனேன். ஏணியை எடுத்துவிட்டார்கள், கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிந்தி ஓடி வருகிறவர்களைப் பார்க்கவென்றே கம்பியோரம் சனம் கூடும். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. துறைமுக வாசலில் கிறிஸ்துநாயகத்தின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அவள் இறங்கி ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த வெயிலில், அவ்வளவு தூரமும். சனம் கைதட்டியது. நேப்பிள்ஸில் தட்டிய அதே கைகள்தான்.

கப்பல் நிற்கவில்லை.

அவள் நின்றாள். அண்ணாந்து தேடி என்னைக் கண்டுபிடித்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்புப் போய், நெஞ்சில் கையை வைத்தாள். வாயைத் திறந்து, விரலால் நாக்குக்குக் கீழே காட்டினாள். திரும்பவும் காட்டினாள். பக்கத்தில் நின்ற ஹலிஃபாக்ஸ்காரி, அவ ஏதோ பாடிக் காட்டுகிறா போலிருக்கு என்று சொல்லிச் சிரித்தா. எனக்கு விளங்கியது. ஸ்பிரே அப்போது என் கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. இடையில் இருந்த தண்ணீர் அப்போது ஒரு ஒழுங்கையின் அகலம்தான். எறிந்திருக்கலாம். கீழே நின்ற முகவரிடம் கத்திச் சொல்லியிருக்கலாம், அதிகாரியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் மற்றக் கையைத் தூக்கி அவளுக்கு அசைத்தேன். அவள் மெல்ல நிலத்தில் குந்தினாள். பிறகு சரிந்தாள்.

கிறிஸ்துநாயகம் பிறகு தொலைபேசியில் லக்சிகாவிடம் எல்லாம் சொன்னாராம். வண்டியில் வரும்போது அவர் பதறியிருக்கிறார். அவள்தான் அவரைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். "பயப்பிடாதேங்கோ, மங்கை நிக்கிறாள்தானே. அவள் கப்பலை நிப்பாட்டி வைச்சிருப்பாள்" என்றாளாம்.

உடலைக் கொண்டுவந்து எல்லாம் முடிந்த பிறகு, லக்சிகா என் வீட்டுக்கு வந்தாள். ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"அன்ரி, அம்மாவுக்கு எத்தினை மணி எண்டு சொன்னீங்கள்?"

"நாலரை."

"Real நாலரையா?"

"ஓம் பிள்ளை. உண்மையான நாலரை."

அவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். நாங்கள் எல்லோரும் அம்மாவுக்குப் பொய் சொல்லிச் சொல்லியே இப்படியாகிவிட்டது, நீங்கள் ஒருவர்தான் உண்மை சொன்னீர்கள், அதை அம்மா நம்பவில்லை என்றாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டேன். ஸ்பிரே பற்றி அவள் கேட்கவில்லை. அது தாயுடன் இருந்ததென்று நினைத்திருப்பாள்.

முப்பத்தோராம் நாள் நிகழ்வு அஜக்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் வழக்கம்போல நேரத்துக்கே போய்விட்டேன். ஆனால் உள்ளே போகவில்லை. எதிரே இருந்த பிளாசாவில் காரை நிறுத்திவிட்டு, ஒரு கோப்பி வாங்கி, ஆறுதலாகக் குடித்தேன். இரண்டாவது கோப்பியும் குடித்தேன். பிறகுதான் போனேன்.

ஒன்றும் தொடங்கியிருக்கவில்லை. விளக்குக்கூட ஏற்றவில்லை. ஐயர் ஒரு கதிரையில் இருந்தார், சாப்பாட்டுத் தட்டங்கள் மூடியபடி கிடந்தன. நான் கதவைத் திறந்ததும் முழு மண்டபமும் திரும்பியது. "வந்திட்டா" என்று யாரோ சொன்னார்கள். தியாகலிங்கம் எழுந்து நின்றார். லக்சிகா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"உங்களுக்காகத்தான் அன்ரி பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். நீங்கள் இல்லாமல் எப்பிடித் தொடங்குறது?"

புனிதம் ஏன் வாழ்நாள் முழுக்கப் பிந்தினாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. அது ஒரு நல்ல சூடு. நெஞ்சுக்குள்ளே மெதுவாகப் பரவுகிறது.

"401-இல சரியான ட்ராஃபிக், பிள்ளை" என்றேன்.

இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.