விரிசல் இல்லாத சுவரில் உடைந்த கண்ணாடி

எட்டுக் கண்ணாடிகளையும் உடைத்தது கட்டுமானக் கம்பெனியின் சைட் இன்ஜினியர். அவற்றைச் சுவர் உடைக்கவில்லை. இதை முதலில் எழுதினால்தான் மற்றதைச் சொல்வேன் என்று நான் காவல் நிலையத்தில் சொன்னதன் பேரில் இது முதலில் எழுதப்பட்டது.

என் பெயரும் முகவரியும் இத்துடன் உள்ள தாளில் கண்டபடி. வயது இருபத்தொன்பது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள வரிசை வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். கட்டடப் பொறியியலில் டிப்ளமோ படித்துவிட்டு, மூன்று வருடமாகப் பழைய கட்டடங்கள் பாதுகாப்புப் பிரிவில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். சுவர் விரிசல்களைக் கண்காணித்து எழுதுவது என் வேலை.

சம்பவம் நடந்த கட்டடம் ஒரு காலத்தில் அச்சகமாக இருந்தது. நூற்று முப்பது வருடம் பழையது. இப்போது பதினோரு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. மாடியில் கடைசி அறையில் என் அண்ணனும் அண்ணியும் ஒன்பது வருடமாக இருக்கிறார்கள். அண்ணன் தையல்காரர். உறவினர் குடியிருக்கும் கட்டடத்தில் நான் வேலை செய்தது சரியா என்று கேட்கப்பட்டது. எங்கள் பிரிவு அலுவலரிடம் அப்போதே வாயால் சொன்னேன். எழுதித் தரவில்லை. அது என் தவறு.

அந்தக் கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. ஆபத்தானது என்று சான்றிதழ் கொடுத்தால் ஒழிய யாரும் இடிக்க முடியாது. ஜனவரியில் கம்பெனி பக்கத்து மனையில் பதினான்கு மாடிக்கு அஸ்திவாரப் பள்ளம் தோண்டியது. அதன் பிறகு அச்சகக் கட்டடத்தில் விரிசல் விட்டது. அதன் பிறகு அதே கம்பெனி, விரிசல் விட்ட கட்டடம் ஆபத்தானது என்று மனு கொடுத்தது.

பிப்ரவரி ஐந்தாம் தேதி நான் அங்கே எட்டுக் கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினேன். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பயன்படுத்தும் மெல்லிய கண்ணாடிதான். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் ஜிப்சம் பூசுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். ஏழு பட்டைகளை விரிசல் மேல் ஒட்டினேன். எட்டாவதை விரிசலே இல்லாத நல்ல சுவரில், அண்ணன் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒட்டினேன். வெக்கையாலும் பூச்சு இறுகுவதாலும் கண்ணாடி தானாக உடைகிறதா என்று தெரிந்துகொள்ள இப்படி ஒன்று ஒட்டுவது எங்கள் பிரிவின் வழக்கம். கம்பெனிக்குப் போகும் பட்டியலில் எண்ணும் அறையும் மட்டுமே இருக்கும். எட்டாவது நல்ல சுவரில் உள்ளது என்பதை என் நோட்டில் மட்டும் எழுதினேன்.

அதன் பிறகு ஐந்து திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை. நான்காவது தடவை போனபோது சைட் இன்ஜினியர் மாடிப்படியில் நின்றார். குடியிருப்பவர்கள் அவரை மஞ்சத்தொப்பி என்பார்கள்.

"என்ன மேடம், உங்க கண்ணாடியில மூஞ்சி பாத்துக்கலாமா?" என்றார்.

"பாருங்க சார். பள்ளம் தோண்டினவங்க மூஞ்சி நல்லாத் தெரியும்," என்றேன்.

கீழ் அறையில் வாட்ச் பழுது பார்ப்பவர் சிரித்தார். "சார், ஒரு சந்தேகம். பணக்காரன் இருந்தா பாரம்பரியக் கட்டடம், நாங்க இருந்தா மட்டும் ஆபத்தான கட்டடமா?" என்று கேட்டார். மஞ்சத்தொப்பி என் பக்கம் திரும்பி, எட்டாவது பட்டை எங்கே என்று கேட்டார். பட்டியலைப் பாருங்கள் என்றேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை போனபோது எட்டும் உடைந்திருந்தன. சுவர் நகர்ந்தால் கண்ணாடி விரிசலை ஒட்டி ஒரே கோடாகப் பிளக்கும். இவற்றில் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. அதிலிருந்து கோடுகள் நாலாபக்கமும் ஓடின. எதையோ வைத்துத் தட்டிய அடையாளம் அது. விரிசல் இல்லாத சுவரில் இருந்ததும் அதே மாதிரி உடைந்திருந்தது. அண்ணன் அறையில் பீரோ கால்கள் தரையில் இழுபட்ட தடம் புதிதாக இருந்தது. பீரோ பழைய இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றது.

அண்ணன் மிஷினில் உட்கார்ந்திருந்தார்.

"பீரோவ யாருண்ணே நகர்த்தினது?"

"எலியா இருக்கும்."

"எலி பீரோவ நகர்த்துமா?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்றார். மிஷினை நிறுத்தவில்லை.

அதன் பிறகு அண்ணி தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்து, "சனிக்கிழமை மஞ்சத்தொப்பி வந்துட்டுப் போனாரே, சொல்லலையா நீங்க?" என்றார். மிஷின் நின்றது.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புதுக் கட்டடத்துல ரோட்டப் பாத்த மாதிரி கடை தர்றேன்னாரு. இந்தப் படியில ஏறி வந்து எவன் துணி குடுக்குறான்? நான் பீரோவத் தள்ளிப் புடிச்சேன், அவ்வளவுதான். அவரு ஸ்க்ரூடிரைவர் பிடியால லேசா ஒரு தட்டு தட்டினாரு."

"எழுதிக் குடுத்தாரா?" என்று அண்ணி கேட்டார்.

"வாயால சொன்னாரு."

"மத்த பத்துக் குடும்பத்துக்கு என்ன குடுக்கறதாச் சொன்னாரு?"

அண்ணன் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட ஒன்றும் இல்லாமல் திரும்ப வைத்தார்.

அன்று மதியமே பிரிவு அலுவலரிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நல்லாப் பாத்திருக்கம்மா. நோட்டயும் குடுத்துட்டுப் போ, ஃபைல்ல சேர்த்துடுறேன்," என்றார். கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. அதன் பிறகு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அச்சகக் கட்டடத்தின் கதவில் ஆபத்தான கட்டடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எட்டுப் பட்டைகளும் உடைந்ததே காரணமாக அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இடிப்பு. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். பிரிவு அலுவலர், "எந்த நோட்டு?" என்று கேட்டார். அவர் மேஜையில் இரண்டு டீ கிளாஸ் இருந்தன. நாற்காலியில் ஒரு மஞ்சள் தொப்பி இருந்தது.

என் போனில் படம் இல்லையா என்று கேட்கப்பட்டது. இருக்கிறது. கண்ணாடி தெரிவதற்காகக் கிட்டத்தில் எடுத்தது. எந்தச் சுவர் என்று படத்தில் தெரியாது. விரிசல் இல்லாத சுவரில் கண்ணாடி உடைந்திருக்கிறது என்பதற்கு இனி அந்தச் சுவர் மட்டுமே சாட்சி. அதை நாளை இடித்துவிட்டால் நான் சொல்வது வெறும் பேச்சு. பதினோரு குடும்பங்களும் வெளியே.

அண்ணன் பெயரைச் சாட்சியாகச் சேர்க்கலாமா என்று கேட்கப்பட்டது. சேருங்கள். அவர் நேற்றிலிருந்து வீட்டில் இல்லை. போன் எடுக்கவில்லை. பயந்து போனாரா, கூட்டிப் போனார்களா என்று எனக்குத் தெரியாது. அண்ணி வாசலில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். பீரோவை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை. இன்று மார்ச் இருபத்தொன்று, வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. முதல் வரியில் 'உடைந்தது' என்று எழுதியிருந்ததை 'உடைத்தது' என்று திருத்தச் சொன்ன பிறகு, எல்லாம் உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

கையெழுத்துக்குக் கீழே என் கையால் எழுதுவது: நாளை பத்து மணிக்கு முன் அந்தச் சுவரை நேரில் பார்க்க இந்தக் காவல் நிலையத்திலிருந்து யாரை அனுப்புகிறீர்கள்? அவர் பெயரையும் வரும் நேரத்தையும் இங்கேயே எழுதிக் கொடுங்கள்.

பெயர்:

நேரம்: