சுவரில் இருக்கும் 144

கோவளம் பக்கம் கிரிக்கெட் மைதானம் இருப்பதில் ஒரு வசதி, மத்தியானத்துக்கு மேல் மின்விசிறி தேவைப்படாது. கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடிவரும் முனைக்காக எங்கள் பந்துவீச்சாளர்கள் குழாயடிச் சண்டை போடுவார்கள். ஜோயல் மட்டும் சண்டைக்கு வரமாட்டான். எதிர்க்காற்றிலும் மற்றவர்களைவிட வேகமாக வீசுவான். நல்ல பிள்ளை. அவனைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன்.

பயிற்சியாளர் என்ற முறையில் வலைக்குப் பின்னால், பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன்னைப் பிடித்து நிற்பது நான்தான். அதன் திரை சின்னது. பந்து வீசுகிறவனுக்குத் தெரியாது. அதனால் எண்ணை உரக்கச் சொல்வேன். சொன்னதே கணக்கு. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் காட்டச் சொன்னதில்லை. என் மேல் அவ்வளவு மரியாதை.

உடை மாற்றும் அறைச் சுவரில் மைதானத்தின் அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும்: ‘மோகன், 144 கி.மீ.’ அந்த மோகன் நான்தான். பழைய கதை. அதில் எனக்குப் பெரிய பிடிப்பு ஒன்றுமில்லை.

மாநில அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் 145 கேட்டார்கள். அதை யாராவது தொட்டால் நான் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பொங்கல் முடிந்த வாரம் ஜோயல் போட்ட ஒரு பந்து கன்னில் 146 காட்டியது. நான் 141 என்றேன். இலக்கைத் தொட்டவன் சோம்பிவிடுவான். இன்னும் கொஞ்சம் பசியோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“இன்னா அண்ணாத்த, கையே கழண்டுடுச்சி. மிஷினு தூங்கிகினு கீதா?”

“மிஷினு முழிச்சிகினுதான் கீது. நீதான் தூங்கறே.”

சிரித்துக்கொண்டே போய், இன்னும் தள்ளி நின்று ஓடிவந்தான். அவனிடம் பிடித்ததே அதுதான்.

மாசியில் முதுகு வலிக்கிறது என்றான். செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் அவன் அக்கா ஷாரோன், டியூட்டி முடிந்து நேரே மைதானத்துக்கு வந்தாள்.

“குனிய முடியலணா அவனுக்கு. ஷூ லேஸகூட நான்தான் கட்டி வுடறேன். ஸ்கேன் எடுக்கற வரைக்கும் பந்தத் தொடாதன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேப்பான்.”

நியாயமான பேச்சு. ஜோயலைக் கூப்பிட்டு முடிவை அவனிடமே விட்டேன். “நாலுதான் கொறையுது. ரெஸ்ட் எடுக்கறதுன்னா எடுத்துக்கோ.” அதற்குச் சற்று முன்பு அவன் போட்டது 148.

“நாலுதானே அண்ணாத்த,” என்றவன் அக்காவைப் பார்த்து, “நீ போய் ஊசி போடு, நான் போய் பந்து போடறேன்,” என்றான்.

ஷாரோன் போகவில்லை. எனக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தாள். அடுத்த பந்து ஸ்டம்பை இரண்டாகப் பிளந்தது. கன்னில் 152. இந்தக் கடற்கரையில் அப்படி ஒரு பந்தை நான் பார்த்ததில்லை. 143 என்றேன். அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டே போய்ப் பந்தை எடுத்து வந்தான்.

“இன்னொண்ணு போடட்டா?”

“போடு.”

முன்காலை ஊன்றியவன் அப்படியே மடிந்தான். பந்து கையிலேயே இருந்தது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு என்கிறார்கள். நடப்பானாம், ஓடமாட்டானாம்.

நீங்கள் காட்டும் வீடியோவில் திரையும் தெரிகிறது, என் குரலும் கேட்கிறது. மறுக்கவில்லை. அவனுடைய வேகத்தையெல்லாம் குறைத்துச் சொன்னது நான்தான். போன் செய்யாததும் நான்தான். ஆனால் ஓடு என்று கட்டாயப்படுத்தவில்லையே, எண்ணைத்தானே சொன்னேன். சுவரில் இருக்கும் பெயருக்காகச் செய்தேன் என்று ஷாரோன் சொல்வதுதான் வருத்தமாக இருக்கிறது. அந்தச் சுவரை நான் கவனிப்பதே இல்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் பயிற்சி கிடையாது. உப்புக்காற்றில் எழுத்து மங்கியிருந்தது, பெயின்ட் டப்பாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, சும்மா ஒரு கோட் அடித்தேன். 144-இன் கடைசி நாலு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டதால், அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.