சண்முகவடிவின் காம்பராவில் குடித்த தண்ணீர்

எனக்கு நீந்தத் தெரியாது. ஆறு வருடமாக நீச்சலுடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பெண்கள் நீச்சலுடை தைப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். தான் தைத்த உடுப்பைப் போட்டுப் பார்த்தவள் அங்கே ஒருத்தியும் இல்லை.

நீங்கள் சண்முகவடிவின் பிள்ளையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஹட்டனில் பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஆகவே இடையில் குறுக்கிடாதீர்கள்.

எங்களிடம் வாங்கியது ஒரேயொரு வெளிநாட்டு நிறுவனம். அவர்களுடைய உடுப்பு ஒவ்வொன்றிலும் ஆமைப் படம் போட்ட ஓர் அட்டை தொங்கும். நீரைக் கெடுக்காமல், எவரையும் வருத்தாமல் செய்த உடை என்று அதில் எழுதியிருக்கும். அது உண்மைதானா என்று பார்த்துப் புள்ளி போட வருடத்துக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருவார். எண்பதுக்குக் குறைந்தால் ஓடர் நின்றுவிடும். ஓடர் நின்றால் முந்நூற்று நாற்பது பெண்கள் தேயிலை மலைக்குத் திரும்பிக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். சுற்றாடல் அலுவலர் என்ற முறையில் அந்தப் புள்ளிகளுக்குப் பொறுப்பு நான்.

கேள்விகள் முன்கூட்டியே தபாலில் வரும். 2003இல் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். அயலில் இருப்பவர்கள் தங்கள் வழக்கமான தண்ணீரைத் தொடர்ந்து பாவிக்கிறார்களா? அதற்குப் பதினைந்து புள்ளி. அதைத்தான் நான் முதலில் அடிக்கோடிட்டேன். ஏனென்றால் எங்கள் அயலில் பாவிக்கவில்லை.

தொழிற்சாலைக்குக் கீழேதான் லயம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதன் பக்கத்திலேயே பீலி, மலையில் ஊறும் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம். நாங்கள் சாயம் போடத் தொடங்கிய வருடம் ஒருநாள் அதில் தண்ணீர் சிவப்பாக வந்துவிட்டது. அன்றோடு விட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு முன்னால் அரை மைல் ஏறி மேல்மலை ஊற்றிலிருந்து சுமந்து வந்தார்கள். பிறகு நான் சாயக் கழிவுநீருக்குத் தொட்டி கட்டுவித்து நிறத்தை எடுத்துவிட்டேன். பீலித் தண்ணீர் பளிங்காக வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் ஒட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தண்ணீரைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்த அறிக்கைதான் உங்கள் கையில் இருப்பது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். நிறம் இல்லை, மணம் இல்லை. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் உப்பு ஒன்று மட்டும் அளவுக்கு மேலே. பெரியவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கீழே ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். பச்சைப் பிள்ளையின் இரத்தத்தில் பிராணவாயு ஏறாது. உதடு நீலமாகும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கூடும். இது பத்தாம் வகுப்புப் பாடம். இன்னொரு தொட்டி கட்டினால் சரியாகிவிடும், ஆனால் மதிப்பீட்டுக்கு இருந்தது மூன்று கிழமை. அறிக்கையை என் மேசைக்குள் வைத்துவிட்டேன். வேறு யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் லயத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. காரணத்தை வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். அந்த மக்களுக்கும் அது தெரியும்; கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அத்தனை வருடமும் என் பையில் என் போத்தல் இருந்தது.

எங்கள் தையல் பிரிவில் இருந்த சண்முகவடிவின் காம்பராதான் லய வரிசையில் முதலாவது வீடு. உள்ளே போய் உட்கார்ந்து, பீலியில் ஒரு செம்பு பிடித்து வரும்படி கேட்டேன். அவள் ஓடிப்போய்ப் பிடித்து வந்தாள். இருந்ததில் நல்ல தம்ளரைத் தேடி இரண்டு தரம் கழுவினாள். வாங்கி, வாய் வைத்து, முழுவதையும் குடித்தேன். வாசலில் ஒரு கூட்டமே நின்றது. அடுத்த காம்பரா மீனம்மா எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள்:

"மாஸ்டரே குடிச்சிட்டாரு. இனிமே நமக்கு மட்டும் என்ன வந்துறப் போகுது?"

நான் யாரையும் ஏமாற்றவில்லை. குடித்தது அதே தண்ணீர்தான்.

சண்முகவடிவின் மடியில் பிள்ளை கிடந்தது. பிரியந்தி, நான்கு மாதம். தாய் வேலைக்குத் திரும்பிவிட்டதால் பகலில் மீனம்மாதான் பார்த்துக்கொண்டாள், போத்தலில் பால்மா. நான் எழும்பும்போது மீனம்மா கேட்டாள்.

"மாஸ்டர், புள்ளைக்கு மாவு கரைக்க இந்தத் தண்ணி ஆகுங்களா? காய்ச்சித்தாங்க குடுப்பேன்."

"ஓம். வடிவாக் காய்ச்சிக் குடுங்கோ" என்றேன்.

வேறு என்ன சொல்ல? பிள்ளைக்கு ஆகாது என்றால் ஏன் என்று கேட்பாள். பிள்ளைக்கு ஆகாத தண்ணீரை அந்த லயத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள். மாலைக்குள் நான் தண்ணீர் குடித்த கதை டயகம வரைக்கும் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை பீலியடியில் வரிசை நின்றது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல பெண், எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும் என்று நின்றார். பீலிக்குக் கூட்டிப்போனேன். சண்முகவடிவு இடுப்பில் பிள்ளையோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்தார். அந்தப் படம் பிறகு அவர்களுடைய விற்பனைப் புத்தகத்தில் வந்தது.

அவர் வந்துபோன இரண்டாம் நாள் காலை பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று ஓடிவந்தார்கள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. தொழிற்சாலை வான் வண்டியைக் கொடுத்து, கூடவே போனதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் நல்ல கேள்விதான் கேட்டார். பால் கரைப்பது எந்தத் தண்ணீரில் என்றார்.

"நல்ல தண்ணிங்க டொக்டர். இந்த மாஸ்டரே எங்க காம்பராவுல குடிச்சாருங்க" என்று சண்முகவடிவு என்னைக் காட்டினாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

இதற்கு ஊசி உண்டு. அதன் பெயரும் எனக்குத் தெரியும். ஆனால் மதிப்பீட்டாளர் அப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் பொறுத்தால் போதும். டொக்டர் இருதயக் கோளாறு என்று நினைத்துக் கண்டிக்கு அனுப்பினார். கினிகத்தேனைக்குக் கிட்டப் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. மத்தியானம் கன்டீனில் சோறு சாப்பிட்டேன்; பருப்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னேன். தொண்ணூற்றொரு புள்ளி கிடைத்தது, தண்ணீருக்கு முழுப் பதினைந்து. அதனால் இரண்டாவது தொட்டியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வரவில்லை.

தகப்பன் நல்லமுத்து மட்டும் செத்த வீட்டில், பிள்ளைக்குச் சாயம் ஏறிவிட்டது என்று சத்தம் போட்டான். சாயமல்ல, உப்பு. அவனை அடக்கியதும் சண்முகவடிவுதான். மாஸ்டர் குடித்த தண்ணீரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்றாள்.

இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் என்னைக் கண்டால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். இப்போது அவளுக்கு ஓர் ஆண் பிள்ளை, மூன்று மாதம். போன கிழமைதான் வேலைக்குத் திரும்பினாள். இன்று காலை நான் வரும்போது பீலியடியில் பிள்ளையின் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என்ன, எழும்பிவிட்டீர்கள்? இருங்கள், முடிக்கிறேன். அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று இப்போது அவளிடம் சொன்னால், முதல் பிள்ளை எதனால் போனது என்று அவளுக்கு விளங்கிவிடும். பெற்றவள் அல்லவா, தாங்கமாட்டாள். அவளை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.