குளியல் தொட்டியில் பொரித்த குஞ்சுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, டாக்டரம்மாவை இழந்து நிற்கும் அவர் கணவரே, ஏரிப் பாதுகாப்புக் குழுத் தோழர்களே, வரமாட்டார்கள் என்று நினைத்திருக்க வந்துவிட்ட கம்பெனிக்காரர்களே! அனைவருக்கும் வணக்கம்.

'ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்' என்று எனக்குச் சீட்டு வந்திருக்கிறது. இந்தக் குழுவைத் தொடங்கியவனுக்கு ஐந்து நிமிடம்! இருக்கட்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மைக்கை விடமாட்டேன்.

யார் இந்த டாக்டரம்மா? நம் எதிரி! பாசியைத் தின்று ஏரியைச் சுத்தமாக்கும் என்று கம்பெனி விளம்பரம் செய்கிறதே, அந்த மீனின் மரபணுவை மாற்றி உருவாக்கியவரே அவர்தான். 'மீனைப் பெத்த மகராசி' என்று பட்டம் கட்டினோம். ஆய்வகத்து வாசலில் அவர் உருவ பொம்மையை எரித்தோம். வெளியே வந்து நிதானமாகப் பார்த்தவர், "மூக்கை மட்டும் கொஞ்சம் பெருசாப் பண்ணிட்டீங்க" என்றார்.

அன்று நம் வீரர்கள் என்ன செய்தார்கள்? உள்ளே புகுந்து, சிறைப்பட்ட மீன்களுக்கு விடுதலை வாங்கித் தருகிறோம் என்று டிரம்மில் அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே? ஏரிக்கு! எந்த மீனை விடக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினோமோ, அதே மீனை, அதே ஏரியில் விட! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடிவந்து கரையில் மறித்தவர் டாக்டரம்மா. "தம்பிங்களா, கையில பிடிச்சிருக்கிற பேனரை ஒரு தடவை படிங்க" என்றார். படித்தார்கள். 'ஏரியில் மீனை விடாதே' என்றிருந்தது. டிரம் கீழே இறங்கியது.

"இப்ப என்னம்மா பண்றது?"

"திருப்பிக் கொண்டுபோனா உங்களைப் பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்க. என் வீட்டுக்குக் கொண்டு வாங்க. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு, பார்த்துடலாம்."

மீன்கள் அவர் வீட்டுக் குளியல் தொட்டியில் குடியேறின. "அப்ப நான் எங்க குளிக்கிறது?" என்றார் கணவர். "பின்னாடி குழாய் இருக்கே" என்றார் அம்மா. அந்த மனிதர் இன்றுவரை பின்னால்தான் குளிக்கிறார்.

தோழர்களே! இனப்பெருக்கமே செய்யாது என்று கம்பெனி சத்தியம் செய்த மீன், அந்தத் தொட்டியில் குஞ்சு பொரித்தது! அவர் மூடி மறைத்தாரா? மேலதிகாரியிடம் நேரே போய், "நான் பண்ணினது தப்பாப் போச்சு சார். ஏரியில விடாதீங்க" என்றார். அன்றே வேலை போனது. மீனை ஏரியில் விட அனுமதி கொடுப்பதா என்று அடுத்த மாதம் அரசு நடத்தும் விசாரணையில் அந்த மீன்களைக் கொண்டுபோய்க் காட்ட இருந்தார். அதற்குள் இதயம் நின்றுவிட்டது.

வேலை போன பின் நம் கூட்டத்துக்கு வந்து, விசாரணை முடிந்ததும் அந்த மீன்களை அழித்துவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது, இந்த மண்டபத்தில்தான் ஒருவர் "கொலைகாரி" என்று கத்தினார். அம்மா கோபப்படவில்லை. "உசுரு கொடுத்தவ நான். அந்தப் பாவத்தை வேற யார் தலையிலயும் கட்டமாட்டேன்" என்றார்.

இப்போது இன்றைய அழைப்பிதழைப் பாருங்கள். 'கூட்டத்துக்குப் பின், அம்மையார் நினைவாக அவர் வளர்த்த மீன்கள் ஏரியில் விடப்படும்'! யார் மூளையில் உதித்தது இது? செயலாளர், "ஒரு சென்டிமென்ட்தான் ஐயா" என்கிறார். உட்காருங்கள் தம்பி! சாட்சியை நாமே ஏரியில் விட்டுவிட்டால், இதைவிடக் கம்பெனிக்கு வேறு என்ன உதவி வேண்டும்? அந்தப் பக்கம் மேனேஜரோ, "அது எங்க சொத்து சார், கொடுத்துடுங்க" என்று வாசலிலேயே என் கையைப் பிடித்தார். உங்களுக்கும் கிடையாது, இவர்களுக்கும் கிடையாது!

அம்மாவின் கணவரிடம் பேசிவிட்டேன். மீன்கள் அங்கேயே இருக்கும். நான் தினமும் போய் இரை போடுவேன். விசாரணைக்கு நானே கொண்டுபோவேன். இந்த மீனைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன் நான். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். தீர்ப்பு எப்படி வந்தாலும், அவர் செய்வதாகச் சொன்ன கடைசி வேலையையும் நானே செய்வேன். எறும்பை மிதிக்கவும் தயங்குகிறவன்தான் நான். இருக்கட்டும். அன்று "கொலைகாரி" என்றவர் என்னையும் அப்படியே அழைக்கலாம்.

டாக்டரம்மாவுக்கு நீங்கள் அஞ்சலி செலுத்த விரும்பினால், இன்று ஒருவர்கூட ஏரிப் பக்கம் போகாதீர்கள். நேரே வீட்டுக்குப் போங்கள்.